மெட்ரோ வேலை நடக்கும் சாலையோரம் வீடு: எத்தனை நாளுக்கு ஒரு முறை தூசி துடைப்பது?

சென்னையில் ஆற்காடு சாலை, ஓ.எம்.ஆர். பக்கம் குடியிருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் மறுநாள் விரலால் கோடு போட்டால் தெரிகிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களாக மொத்தம் 118.9 கிலோமீட்டர். தூண் எழும்பும் இடத்திலும் சுரங்க நிலையம் தோண்டும் இடத்திலும் மண் வெளியே வருகிறது, லாரிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சாலைக்குப் போகிறது, காய்ந்ததும் பறந்து வீட்டுக்குள் வருகிறது. தினமும் துடைக்க வேண்டுமா, வாரம் ஒரு முறை போதுமா என்றால், ஒரே பதில் கிடையாது. ஒரே ஃபிளாட்டில் சாலையைப் பார்த்த ஹாலுக்கு ஒரு கணக்கு, பின்பக்கப் படுக்கையறைக்கு இன்னொரு கணக்கு. கிழமை பார்த்து முடிவு செய்தால் சுத்தமாக இருக்கும் அறையில் வீணாக உழைப்பீர்கள், தூசி சேரும் அறையை விட்டுவிடுவீர்கள். அளந்து பார்த்து முடிவு செய்யலாம். அதற்கு ஒரு செல்லோ டேப் போதும்.

வீட்டில் நான்கு இடம் தேர்ந்தெடுங்கள். சாலைப் பக்க ஜன்னலிலிருந்து ஓர் அடி உள்ளே ஒன்று, டிவி ஸ்டாண்ட் ஒன்று, படுக்கையறையில் மேசையோ டிரெஸ்ஸிங் டேபிளோ ஒன்று, பிரிட்ஜின் தலை ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் சதுரம் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் 2 அங்குல அகல டேப்பை அந்தச் சதுரத்தின் ஓரத்தில் ஒட்டி, விரலால் ஒரு முறை தேய்த்து, மெதுவாக எடுத்துக் கறுப்பு அட்டையில் ஒட்டித் தேதி எழுதுங்கள். 2-ஆம் நாள், 3-ஆம் நாள், 5-ஆம் நாள், 7-ஆம் நாள் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உள்ள புது இடத்தில் ஒட்ட வேண்டும். ஏற்கெனவே டேப் எடுத்த இடத்தில் மறுபடி எடுத்தால் கணக்குத் தப்பும். கை நீட்டிப் பிடித்த தூரத்தில் எந்த நாளின் டேப் மங்கலாகத் தெரிகிறதோ அதுதான் அந்த இடத்தின் எல்லை. துடைப்பது அதற்கு ஒரு நாள் முன்னால். 3-ஆம் நாள் மங்கினால் இரண்டு நாளுக்கு ஒரு முறை. 7-ஆம் நாளும் தெளிவாக இருந்தால் அந்த அறையை வாரத்துக்கு ஒரு முறை தொட்டால் போதும். பிரிட்ஜ் தலையில் மட்டும் டேப் சரியாக வேலை செய்யாது. அங்கே தூசியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும், எனவே வெள்ளை டிஷ்யூவால் ஒரே இழுப்பில் துடைத்து நிறம் பாருங்கள்.

ஒரு நாள் முன்னால் என்று சொல்வதற்குக் காரணம் சென்னையின் ஈரக் காற்று. மெல்லிய தூசி ஈரத்துணியில் ஒரே இழுப்பில் வந்துவிடும். அதை விட்டுவைத்தால் ராத்திரிப் பிசுபிசுப்பில் ஈரம் குடித்துப் படலமாக இறுகும். அப்புறம் அழுத்தித் தேய்க்க வேண்டிவரும். சாலைத் தூசியில் மணல் துகள் இருப்பதால், அழுத்தித் தேய்த்தால் டிவி ஸ்டாண்டின் பாலிஷிலும் கண்ணாடியிலும் கீறல் விழும்.

அந்த இடத்துத் தூசியைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தும் பாருங்கள். நரநரவென்று பழுப்பாக இருந்தால் சாலை மண். வழவழவென்று வெள்ளையாக இருந்தால் சிமென்ட் அல்லது சுவர்ப் பட்டி. மேல் வீட்டிலோ எதிர் வீட்டிலோ சுவர் தேய்க்கிறார்கள் என்று அர்த்தம். தேய்த்ததும் கறுப்பாக இழுபட்டால் புகைக்கரி. டீசல் வண்டிகளிலிருந்து வந்திருக்கலாம், வீட்டுக்குள்ளிருந்தும் வந்திருக்கலாம். சாமி அலமாரியில் தினமும் கற்பூரம் ஏற்றினால் அதிலிருந்து கிளம்பும் கரி ஹால் முழுக்கப் போகும். கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான். கட்டில் அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி உருண்டு கிடப்பது துணி இழை, முடி, உதிர்ந்த தோல். அது சாலையிலிருந்து வரவில்லை. ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அது குறையாது.

வெள்ளைப் படலம் விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கறுப்பு கிரானைட் தரையைத் துடைத்து அரை மணி நேரத்தில் மறுபடி வெளுப்பாகத் தெரியும். தூசி என்று நினைத்து இன்னொரு முறை துடைப்பார்கள், அதுவும் வெளுக்கும். பெரும்பாலும் அது போர் தண்ணீரின் உப்பு. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் தரை துடைக்கிறவர்களுக்கு இது இன்னும் அதிகம், ஏனென்றால் அதில் உப்பு முன்னைவிடச் செறிந்திருக்கும். டேப் ஒட்டிப் பாருங்கள். தூசி என்றால் டேப்பில் வரும், உப்பு தரையிலேயே நிற்கும். கடைசித் துடைப்பை மட்டும் மெட்ரோ வாட்டர் எனும் குடிநீர் வாரியத் தண்ணீரில் செய்தால் சரியாகிவிடும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

தரை மட்டும் இந்த டேப் கணக்கில் வராது. அதைத் தினமும் பெருக்கத்தான் வேண்டும். அலமாரித் தூசி கிடந்த இடத்திலேயே கிடக்கும். தரைத் தூசியை ஒவ்வோர் அடியும் கிளப்பி மறுபடி காற்றில் விடும், அது போய் அலமாரியில் உட்காரும். தரையை இரண்டு நாள் விட்டால் மற்ற இடங்களின் இடைவெளியும் குறைந்துவிடும். ஆனால் தினமும் மாப் போட வேண்டும் என்பதில்லை. சாலைப் பக்க ஹாலுக்கும் சமையலறைக்கும் ஒன்றுவிட்டு ஒரு நாள், படுக்கையறைகளுக்கு வாரம் இரண்டு முறை என்று தொடங்குங்கள். வெள்ளை சாக்ஸ் போட்டுப் பத்து நிமிடம் நடந்தால் அடிப்பாகம் சொல்லிவிடும் போதுமா போதாதா என்று.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைவிட எப்படிச் செய்கிறோம் என்பதுதான் இடைவெளியை அதிகம் மாற்றுகிறது. ஒரு கணக்கு சொன்னால் விளங்கும். அசையாத காற்றில், 10 அடி உயரத்திலிருந்து 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) துகள் கால் மணி நேரத்துக்குள் தரைக்கு வந்துவிடும். 2.5 மைக்ரான் துகளுக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துகள் அரை நாளுக்கு மேல் மிதக்கும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் இவை எவ்வளவு பொடி என்று புரியும். ஃபேன் சுற்றினால் இந்த நேரமெல்லாம் இன்னும் நீளும். காலை 9 மணிக்குக் காய்ந்த துடைப்பத்தால் வீசிப் பெருக்கினால் மண் முறத்துக்கு வரும், பொடி மேலே போகும், மத்தியானம் டிவி ஸ்டாண்டில் இறங்கும். துடைத்த அன்றே தூசி என்று நொந்துகொள்ளும் பல வீடுகளில் சாலையைவிடத் துடைப்பம்தான் காரணம்.

வாசல் தெளித்துவிட்டுப் பெருக்குவது நம் ஊரில் காலங்காலமாக இருக்கும் வழக்கம். அதில் உள்ள விவரம் இதுதான்: ஈரம் பட்ட தூசி எழும்பாது. வீட்டுக்குள்ளும் அதையே சிறு அளவில் செய்யலாம். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பூந்துடைப்பத்தின் நுனியில் மூன்று நான்கு தடவை அடித்து உதறிவிட்டுப் பெருக்குங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு முறை. நுனி தரையைவிட்டு எழும்பாமல் குட்டை இழுப்பாக இழுக்க வேண்டும். இழுப்பின் முடிவில் நுனியைத் தூக்கி வீசினால் அந்த வீச்சில்தான் பொடி பறக்கும். புதுப் பூந்துடைப்பத்தை வாங்கியதும் மொட்டை மாடியில் நன்றாக உதறி, தண்ணீரில் ஒரு முறை அலசி, காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதன் பூவே இரண்டு வாரம் வீடெல்லாம் உதிரும். ஈர்க்குத் துடைப்பம் பால்கனிக்கும் பாத்ரூமுக்கும் மட்டும்.

வரிசை: ஒட்டடை, ஃபேன், அலமாரி மேல், மேசை, கடைசியில் தரை. எல்லோருக்கும் தெரிந்த வரிசைதான். ஒட்டடைக்கும் தரைக்கும் நடுவே அரை மணி நேரம் காத்திருப்பதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு ஒட்டடை அடித்து, கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். திரும்பி வரும்போது பெரிய துகள்கள் கீழே இறங்கியிருக்கும்.

இறகுத் துடைப்பானால் தட்டுவது தூசியை இடம் மாற்றும், அவ்வளவுதான். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, நான்காக மடியுங்கள். முன்னும் பின்னும் பிரித்துத் திருப்பினால் எட்டு சுத்தமான பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம். ஈரம் அதிகமானால் தூசி சேறாகிக் கோடு விழும். இந்தத் துணியைப் பருத்தித் துண்டுகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், பஞ்செல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவமும் போட வேண்டாம். அது இழைகளின் மேல் படிந்து, தூசி பிடிக்கும் தன்மையைக் குறைத்துவிடும். மைக்ரோஃபைபர் இல்லையென்றால் பழைய பனியன் துணி நல்ல மாற்று.

மாப் போடும்போது நடக்கும் பெரிய தவறு தண்ணீரை மாற்றாதது. 10 லிட்டர் வாளியில் பாதித் தண்ணீர், ஓர் அறைக்கு ஒரு தடவை. 800 சதுர அடி ஃபிளாட்டுக்கு நான்கு தடவை, மொத்தம் 20 லிட்டர். அந்த அழுக்குத் தண்ணீரை டாய்லெட்டில் ஊற்றினால் ஃப்ளஷ் தண்ணீர் மிச்சம். ஒரே வாளியில் வீடு முழுக்கத் துடைத்தால், கடைசி அறையில் தடவுவது முதல் அறையின் சேற்றைத்தான். அடுத்த தவறு, மணக்கட்டும் என்று தரை திரவத்தை இரண்டு மூடி மூன்று மூடி ஊற்றுவது. அளவு மீறினால் காய்ந்தபின் பிசுக்காக ஒரு படலம் நிற்கும், அடுத்து வரும் தூசியெல்லாம் அதில் ஒட்டும். புட்டியில் போட்ட அளவுக்கு மேல் வேண்டாம். அந்தப் படலம் ஏற்கெனவே இருந்தால் மூன்று முறை வெறும் தண்ணீரில் துடையுங்கள். தூசிக்கு பினாயில் எதுவும் செய்யாது. மார்பிள், கடப்பா, மொசைக் தரைகளில் வினிகரோ எலுமிச்சையோ படக் கூடாது. இந்தக் கற்களில் உள்ள சுண்ணாம்பை அமிலம் அரிக்கும், பளபளப்புப் போய்ச் சொரசொரப்பாகும், சொரசொரப்பில் தூசி இன்னும் அதிகம் தங்கும்.

சுவர்ப் பட்டி, சிமென்ட் தூசி அடர்த்தியாக விழுந்திருந்தால் முறை வேறு. நேராக ஈர மாப் போட்டால் அது குழம்பாகிக் காய்ந்து வெள்ளைப் படலமாகும். முதலில் ஈர மரத்தூளைத் தூவி அதோடு சேர்த்துப் பெருக்கி அள்ளுங்கள். இரண்டு கைப்பிடி மரத்தூள் ஓர் அறைக்குப் போதும். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை மாப். சிமென்ட் கையை அரிக்கும், ரப்பர் கையுறை வேண்டும். கல்லோ சுவரோ அறுக்கும்போது வரும் பொடி நுரையீரலுக்குக் கெடுதல். துணிக் கர்ச்சீப் அதைத் தடுக்காது, என்95 முகக்கவசம் போடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் ஒன்று கட்டாயம் கொடுங்கள். நாள் முழுக்க நான்கு வீட்டுத் தூசியைச் சுவாசிப்பவர் அவர்.

ஃபேன் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். இறக்கையின் முன் விளிம்பில்தான் கறுப்பாகத் தடித்துச் சேரும், ஏனென்றால் காற்றை வெட்டிக்கொண்டு போகும் விளிம்பு அது, துகள்கள் அதில்தான் மோதுகின்றன. சாலைப் பக்க ஹாலுக்கு 15 நாளுக்கு ஒரு முறை, உள் அறைக்கு மாதம் ஒரு முறை. சுவிட்சை மட்டும் நம்பாமல் மின்பெட்டியில் உள்ள எம்.சி.பி.யை அணையுங்கள். பழைய தலையணை உறையை இறக்கைக்குள் மாட்டி, மேலும் கீழும் அழுத்தியபடி இழுத்தால் தூசி உறைக்குள் விழும், கட்டிலில் விழாது. மற்றொரு கையால் இறக்கையை அடிப்பக்கம் தாங்கிக்கொள்ளுங்கள். நுனியை அழுத்தினால் இறக்கை வளையும், அப்புறம் ஃபேன் ஆடும், சத்தம் போடும். சமையலறைப் பக்கப் பிசுக்கு ஏறியிருந்தால் ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். ஆப்பசோடா வேண்டாம். அலுமினிய இறக்கையில் பெயிண்ட் உரிந்த இடம் அதில் கறுத்துப்போகும். மோட்டார் கிண்ணத்தில் ஈரம் படக் கூடாது. அழுக்கு ஃபேனை வைத்துக்கொண்டு, மாப் போட்டதும் தரை காயட்டும் என்று ஐந்தில் சுற்றவிடுவது வீண்வேலை, ஈரத் தரையில் அத்தனையும் வந்து ஒட்டும்.

தூசி உள்ளே வரும் வழிகளில் கொசுவலை முக்கியமானது. சாலைப் பக்க வலையை 15 நாளுக்கு ஒரு முறை கழுவாவிட்டால் கண்கள் அடைபடும், காற்று வராது, வலையைத் திறந்துவைக்கத் தோன்றும், அதோடு எல்லாம் உள்ளே. வெல்க்ரோ வலையென்றால் கழற்றி, சோப்புத் தூள் ஒரு டீஸ்பூன் கரைத்த வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் தண்டவாளத்தைக் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் முதலில் தள்ளி எடுத்துவிட்டுத்தான் ஈரம் காட்ட வேண்டும். வெளிப்பக்கம் அடியில் சிறு துளைகள் இருக்கும். புரட்டாசிக்குள் ஒரு குச்சியால் அவற்றைக் குத்தித் திறந்துவிடுங்கள். தூசி அடைத்திருந்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் வெளியே போகாமல் ஹாலுக்குள் வழியும். வாசலில் வெளியே தென்னை நார் மிதியடி, உள்ளே பருத்தி மிதியடி என இரண்டு வேண்டும். வெளி மிதியடியை மூன்று நாளுக்கு ஒரு முறை தட்டாவிட்டால் அதுவே தூசி கொடுக்கத் தொடங்கும். செருப்பு ஸ்டாண்ட் கதவுக்கு வெளியே.

பருவம் மாறினால் டேப் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். சித்திரை, வைகாசி, ஆனியில் மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல்காற்று தாமதமாகத்தான் வரும். மேற்குப் பார்த்த ஜன்னல்களில் மத்தியானம்வரை புழுதி சேரும், கிழக்குப் பக்கம் அவ்வளவு இருக்காது. மழை பெய்து சாலை நனைந்திருக்கும் நாட்களில் இடைவெளியை நீட்டலாம். மழை விட்ட மூன்றாவது நாள் கவனமாக இருங்கள். சாலையில் ஒதுங்கிய சேறு அப்போதுதான் காய்ந்து பொடியாகும். அந்த வாரம் ஆண்டின் மிக மோசமான வாரங்களில் ஒன்றாக இருக்கும். மார்கழியில் விடியற்காலைக் காற்று நல்லது என்று ஜன்னலைத் திறப்பது சாலையோர வீடுகளுக்குப் பொருந்தாது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையைக் கலையவிடாமல் வைத்திருக்கும். வெயில் ஏறி 10 மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். போகிக்கு முன்பே பரண், அலமாரி எல்லாம் முடித்துவிடலாம், ஆனால் கொசுவலையையும் திரைச்சீலையையும் போகியன்று மத்தியானத்துக்கு ஒதுக்கிவையுங்கள். விடியற்காலைப் புகையின் கரி அவற்றில்தான் படியும்.

ஏ.சி. ஓடும் மாதங்களில் அதன் வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்து திரும்ப உட்காராது.

படுக்கைக்கு டேப் கணக்குப் போடாதீர்கள். மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சி கால் மில்லிமீட்டர் அளவு, கண்ணுக்குத் தெரியாது. உதிரும் தோலைத் தின்று வாழும், காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெருகும். சென்னையில் அதற்கு வசதியில்லாத மாதம் அரிது. விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு முறை, 60 டிகிரி வெந்நீரில். வாஷிங் மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால் கொதிக்கவைத்த நீரில் அரை மணி ஊறவைத்துவிட்டுப் போடுங்கள், சாயம் போகாத பருத்திக்கு மட்டும். மெத்தையை மாதம் ஒரு முறை வெயிலில் போட்டால் பூச்சி சாகும், ஆனால் மூக்கில் ஒவ்வாமையைக் கிளப்பும் அதன் கழிவு மெத்தையிலேயே தங்கும். எனவே வெயிலில் காய்ந்ததும் மாடியிலேயே தட்டி எடுக்க வேண்டும், அல்லது பொடித் தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். ஹெப்பா இல்லாத வாக்குவம் பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு பொடியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் டேப் காட்டும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். துடைப்பத்தை அந்த அறைக்குள் கொண்டுபோகாமல் ஈர மாப்பையே முதலில் போடுங்கள். அவர்கள் வெளியே இருக்கும் நேரத்தில் செய்து முடித்து, குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே வரச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகும்முன் விரிப்பை உதறிப் போடும் பழக்கம் இருந்தால், அந்த அறையில் அதைக் காலைக்கு மாற்றிவிடுங்கள்.